மறு: தரவு இன்டர்ஆப்பரபிலிட்டிக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். ஓரிடத்துத் தரவை இன்னோரிடத்துக் கணினி அதே பொருளில் புரிந்துகொண்டு பயன்படுத்தும் தன்மைதான் இன்டர்ஆப்பரபிலிட்டி. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஐயா ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘தரவு இணக்கம்’ என்றே முடித்துவிடலாம். எளிய சொல், எல்லாருக்கும் புரியும்.

எளிமை வேண்டும் என்பதில் ஐயாவோடு எனக்கு வேறுபாடு கிடையாது. ஆனால் ‘இணக்கம்’ ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்றோடொன்று ஒத்துப்போகும் காம்பேட்டிபிலிட்டிக்கும் அதுதான், தரநிலை விதிகளுக்கு உட்படுவதற்கும் அதுதான். மூன்றாவது சுமையையும் ஏற்றினால் சோதனைச் சான்றிதழைப் படிப்பவர் திண்டாடிப்போவார்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஓர் உருக்கு மாதிரியை அறுபடும்வரை இழுத்துப் பார்க்கும் இழுவிசைச் சோதனை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘நீட்சி 24%, கேஜ் நீளம் 50 மி.மீ.’ என்று கோப்பில் பதிவாகிறது. கேஜ் நீளம் என்பது நீட்சியை அளக்க மாதிரியில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் நீளம். கடலூர் சிப்காட்டில் உள்ள ஓர் ஆலையின் கணினி அதைத் தடையில்லாமல் வாங்கிக்கொள்கிறது. எண்ணும் உரிய கட்டத்தில் போய் உட்காருகிறது. அப்படியும் தவறு நேரலாம். ஐ.எஸ்.ஓ. என்ற பன்னாட்டுத் தரநிலை முறையில் 10 மி.மீ. விட்டமுள்ள உருளை மாதிரிக்குக் கேஜ் நீளம் 50 மி.மீ., அதாவது விட்டத்தின் 5 மடங்கு. ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தரநிலை முறையில் 12.5 மி.மீ. விட்டத்துக்கும் அதே 50 மி.மீ.தான்; அங்கே அது 4 மடங்கு. அறுபடுவதற்கு முன் மாதிரி ஓரிடத்தில் மட்டும் கழுத்துப்போல் ஒடுங்கி நீள்வதால், 4 மடங்கில் அளந்த நீட்சி அதே உருக்குக்குக் கூடுதலாக வரும். விட்டமும் தரநிலையும் எண்ணோடு சேர்ந்து போகாவிட்டால், பெறுகிற கணினி இரண்டையும் ஒன்றாக எண்ணிச் சராசரி போட்டுவிடும்.

இங்கே பரிமாற்றம் பழுதின்றி நடந்திருக்கிறது. எண்ணின் பொருள்தான் தவறிப்போனது. ஆகவே ‘தரவுப் பரிமாற்றம்’ என்ற பரிந்துரையும் நிற்காது. அறிவியல் தரவு எப்படி இருக்க வேண்டும் என்று 2016-இல் வெளியான ஃபேர் (FAIR) நெறிகளும் தரவை அணுகுவதை வேறாகவும் இன்டர்ஆப்பரபிலிட்டியை வேறாகவும்தான் வைத்திருக்கின்றன.

‘பொருள் மாறாப் பரிமாற்றம்’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். கருத்து மிகச் சரி. ஆனால் உலோகம் முதலியவற்றை ஆராயும் பொருளறிவியலில் ‘பொருள்’ என்றதும் இரும்பும் செம்பும்தான் நினைவுக்கு வரும். ‘தரவு இயைபு’ எனக்கும் பிடித்திருந்தது. வேதியியல் பாடநூல்களில் ‘இயைபு’ ஒரு சேர்மத்திலோ கலவையிலோ எது எவ்வளவு இருக்கிறது என்பதைக் குறித்துவிட்டது. ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்தால் என்ன செய்வது?

என் பரிந்துரை: இயைந்தியங்குமை. இணைந்தால் மட்டும் போதாது, இயைய வேண்டும். அதன்பின் இயங்கவும் வேண்டும். ‘இயைந்தியங்கும் தரவு’, ‘இயைந்தியங்காத கோப்பு’ என்று வினையாகவும் வளைந்து கொடுக்கும். இந்த வளைவு இல்லாத கலைச்சொல் அகராதியிலேயே தங்கிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

நடைமுறைச் சான்றும் இருக்கிறது. படிகங்களின் அமைப்பை ஆராயும் படிகவியலாளர்கள் 1990-களின் தொடக்கத்திலேயே ‘சிஃப்’ (CIF) என்ற கோப்பு முறையை வகுத்தார்கள். அதில் அலகுக்கூட்டின், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறு கட்டத்தின், நீளம் ஆங்ஸ்ட்ராம் என்ற மிக நுண்ணிய அலகில்தான் இருக்கும் என்பதை அதற்கான அகராதியே வரையறுத்துவிடுகிறது. எண்ணைப் பெறுபவர் அனுப்பியவரிடம் கேட்க வேண்டியதில்லை. நம் சொல் குறிக்க வேண்டியது இந்த நிலையைத்தான்.

‘மை’ ஈறு கனக்கிறது என்பவர்களுக்கு ‘இயைந்தியங்கல்’ என்பதையும் மாற்றாக முன்வைக்கிறேன். உற்பத்தித் துறையில் இருப்பவர்கள் தங்கள் வாக்கியங்களில் இரண்டையும் வைத்துப் பார்த்து, எது இடறுகிறது என்று எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து