மனநல டாக்டரைப் பார்க்க மறுக்கும் நண்பர்கள்: உங்கள் அனுபவம்?

பவானிக்கரை:
சுருக்கமாகச் சொல்கிறேன். வேளச்சேரியில் என் ரூம்மேட். வேலையை விட்டுவிட்டு ஈரோட்டுக்கே திரும்பிவிட்டான். குளியல் இல்லை, போன் எடுப்பதில்லை, சாப்பாட்டுத் தட்டு அப்படியே கிடக்கும். இங்கே இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். எப்படியோ பேசி அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு வரைக்கும் கூட்டிப் போய்விட்டேன். ஓ.பி. சீட்டும் போட்டாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, சர்க்கரை மாத்திரை வாங்க வந்த அவன் தெருக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். "என்னங் தம்பி, யாருக்கு மேலுக்குச் சொகமில்ல?"

இவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் தோளில் கை போட்டு, "இவனுக்குத்தானுங்க, தூக்கமே வர்றதில்லையாமா" என்று சிரித்தான். மாதக்கணக்கில் முகத்தில் எதுவுமே இல்லாத ஆள்! அவர் நகர்ந்ததும் சீட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். "அப்புறம் என்ன, நீயே உள்ள போய்ப் பாத்துட்டு வா." நேரே பைக் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான்.

மறுத்ததுகூடப் பரவாயில்லை. அந்தச் சிரிப்பைத்தான் மறக்க முடியவில்லை. வீட்டிலும் அதே சிரிப்பைக் காட்டுவதால் அவன் அம்மா, "நல்லாத்தான இருக்கான், சோம்பேறித்தனம்" என்கிறார்.

தாமிரா77:
என் தோழி டாக்டரிடம் போக மாட்டேன் என்று சொல்லவே இல்லை. போனாள், எல்லா டாக்டரிடமும் போனாள், மனநல டாக்டரைத் தவிர. தலைவலிக்குக் கண் டாக்டர், அப்புறம் ஸ்கேன், வயிற்றுக்கு எண்டோஸ்கோபி, தைராய்டு டெஸ்ட். பாளையங்கோட்டையில் ஒரு லேப் வாசலில் ரிப்போர்ட்டைப் பிரித்தோம். எல்லாம் நார்மல். படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "ஏட்டி, இதுலயாவது எதாவது வந்து தொலைச்சிருக்கக் கூடாதா?"

கட்டி என்று வந்திருந்தால் வீட்டில் எல்லோரிடமும் சொல்லலாம். இதை யாரிடம் சொல்ல? போதாததற்கு, அவள் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெடிக்கல்ஸ் மாணிக்கம்:
பவானிக்கரை தம்பி, சொந்த ஊரில் பட்டப்பகலில் ஓ.பி.க்குக் கூட்டிப் போனால் இப்படித்தான் ஆகும். பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருக்கலாமே.

என் பால்ய நண்பன் ஒருநாள் கடைக்கு வந்து சீட்டை நீட்டினான். மூன்று மாத்திரை. "இதுல எதுடா பைத்தியத்துக்குக் குடுக்கறது?" என்றான். அப்படி எதுவும் இல்லை என்று சொல்லியும் கேஸ் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போனான்.

எல்லோருக்கும் சில விஷயங்கள் சொல்கிறேன். மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி உடனே கேட்காது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆனால் குமட்டல் முதல் வாரமே வந்துவிடும். அங்கேதான் பாதிப் பேர் நிறுத்துகிறார்கள். "கொஞ்சம் நல்லாயிருக்கு" என்று தானாக நிறுத்துவதும் தப்பு, தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் வரும், டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதலில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு டெஸ்ட் பாருங்கள், தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும். நேரில் வர மறுப்பவர்களுக்கு 14416 இருக்கிறது, டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், தமிழிலேயே பேசலாம், நண்பர்களும் கூப்பிட்டு யோசனை கேட்கலாம். வெளியே தெரிந்துவிடும் என்ற பயமே வேண்டாம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது.

சேதுக்கரையான்:
அண்ணே, 23-ஆம் பிரிவு டாக்டர் வாயைக் கட்டும். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தெருக்காரர் வாயை எந்தப் பிரிவு கட்டும்? பக்கத்து மாவட்டத்துக்கு வாராவாரம் பஸ் ஏறுவதற்கு, கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியாதவன் எங்கே போவான்?

என் மச்சான் ஒருத்தன் (சொந்தமில்லை, சிநேகிதன்தான்) ஆஸ்பத்திரி வேண்டாம், ஏர்வாடி தர்காவுக்கு வேண்டுமானால் வருகிறேன் என்றான். ஏர்வாடி என்றாலே மனநலக் காப்பகத்தில் நடந்த 2001 தீவிபத்துதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். சங்கிலியோடு கிடந்தவர்கள் வெந்து செத்தார்கள். இப்போது அங்கேயே அரசு டாக்டர்கள் பார்க்கிறார்கள், 'தவா-துவா' என்று பெயர், மருந்தும் பிரார்த்தனையும் என்று அர்த்தம். அந்தத் தைரியத்தில்தான் கூட்டிப் போனேன். துவா முடிந்தது. டாக்டர் அறையைக் கை காட்டினேன். "இங்கயுமாடா?" என்றான். ஊர் வந்து சேரும்வரை என்னோடு பேச்சே இல்லை.

நைட்ஷிப்ட்:
எல்லோரும் கூட்டிப் போவதைப் பற்றியே எழுதுகிறீர்கள். உயிரோடு இருக்கப் பிடிக்கிறதா என்று யாராவது நேராகக் கேட்டீர்களா? கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பயப்பட வேண்டாம். என் நண்பனிடம் நான் கேட்டேன். "ஆமா, சாகணும்னு தோணுது" என்றான், டீக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி. அன்றிரவே அவன் அக்காவைத் திருச்சியிலிருந்து வரவழைத்தோம். அதற்கப்புறம் அவனைத் தனியாக விடவில்லை. டாக்டர் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறான். 14416-இல் பேசினான், அதுவும் என் போனிலிருந்து. அவன் நம்பர் எங்கேயும் பதிவாகக் கூடாதாம். சரி என்றேன். இப்போதைக்கு அது போதும்.

தாமிரா77:
@மெடிக்கல்ஸ் மாணிக்கம் தைராய்டு டெஸ்ட் எடுத்தாயிற்று என்றுதானே எழுதியிருக்கிறேன்? படிக்காமலே இவ்வளவு நீளமா?

மெடிக்கல்ஸ் மாணிக்கம்:
சரிம்மா. வைட்டமின் பி12 பார்த்தார்களா?