ஹைப்ரிட் அச்சுறுத்தல்: சைபர் தாக்குதலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கேள்வி (வாசகன்_7):
கட்டுரைப் போட்டிக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கணினியை முடக்கினாலும் ஹைப்ரிட், வதந்தி பரப்பினாலும் ஹைப்ரிட், கேபிளை அறுத்தாலும் ஹைப்ரிட் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்றால் அந்தப் பெயருக்கு என்னதான் அர்த்தம்?

எல்லைக்கோடு:
போரை அறிவிக்காமல், யார் என்று காட்டிக்கொள்ளாமல், பல வழிகளைக் கலந்து ஒரு நாட்டை உலுக்குவதுதான் ஹைப்ரிட். 2014-இல் உக்ரைனிடமிருந்து ரஷ்யா கைப்பற்றிய கிரிமியாவைப் பாருங்கள். சின்னம் எதுவும் இல்லாத பச்சைச் சீருடை. யாருடைய ஆட்கள் என்று உலகம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அங்கே நாடாளுமன்றக் கட்டடம் கைமாறிவிட்டது.

பழைய_அட்மின்:
சர்வர் அறையில் இருபது வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். 2015 டிசம்பர் 23, மேற்கு உக்ரைன். மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறையில் ஊழியர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மவுஸ் தானாக நகர்ந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகளான பிரேக்கர்களைத் திறந்தது. சுமார் 2,25,000 இணைப்புகள் இருண்டன. இதுவரை சைபர் தாக்குதல், சரி. கூடவே புகார் எண்ணுக்குப் போலி அழைப்புகளைக் கொட்டினார்கள். உண்மையான வாடிக்கையாளருக்கு லைன் கிடைக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்த அந்த அழைப்புகள் தேவையே இல்லை. கேட்க நாதியில்லை என்று ஜனங்களைப் புலம்பவைக்கத்தான் அது. என் கணக்கில் ஹைப்ரிட் என்பது அந்த இரண்டாவது வேலை.

மீண்டது எப்படி என்றால், ஆட்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் போய்க் கையாலேயே பிரேக்கரைப் போட்டார்கள். சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது.

அப்புறம் 2017 ஜூன் 27, நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள். உக்ரைனில் பலரும் பயன்படுத்திய கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகக் கிளம்பி உலகம் முழுக்கப் பரவியது. திரையில் பிட்காயினாக 300 டாலர் கேட்கும். அப்போது நான் வேலை பார்த்த இடத்துக்கும் வந்தது. பணம் பறிக்கும் கும்பல் என்றே நம்பி, கட்டிப் பார்க்கலாமா என்று கூட்டம் போட்டு அரை நாள் பேசினோம். கட்டியிருந்தாலும் ஒன்றும் திரும்பியிருக்காது. அது அழிப்பதற்கென்றே எழுதியது. எங்களைக் காப்பாற்றியது அலமாரியில் கிடந்த ஒரு பேக்கப் டிஸ்க். என் முன்யோசனை என்று நினைக்காதீர்கள், இணைப்பு போர்ட் பழுதாகி நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வைத்தது, அதனால்தான் தப்பியது. ரஷ்ய ராணுவத்தின் வேலை என்று அமெரிக்காவும் பிரிட்டனும் வெளிப்படையாகச் சொன்னது 2018 பிப்ரவரியில். எட்டு மாதம்! எதிராளிக்கு வேண்டியது யார் செய்தது என்று யாரும் சொல்லாத அந்த எட்டு மாதம்தான்.

மேகலை_ர:
வதந்திப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் வாசகன். போரோ நெருக்கடியோ வந்தால் என்ன செய்வது என்று சுவீடன் 2018-இல் வீடுவீடாக ஒரு கையேடு அனுப்பியது. குடிநீர், ரேடியோ பற்றியெல்லாம் இருக்கும். நடுவில் ஒரு வரி: எதிர்ப்பை நிறுத்தச் சொல்லி எந்தத் தகவல் வந்தாலும் அது பொய். பொய் வருவதற்கு முன்பே மறுப்பை அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

வாசகன்_7:
அருமை. ஆனால் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால்?

பழைய_அட்மின்:
பிடித்தார்களே தம்பி. 2024 கிறிஸ்துமஸ் அன்று பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையே எஸ்ட்லிங்க் 2 மின்கேபிள் அறுந்தது. உடனே பின்லாந்து அதிகாரிகள் ஈகிள் எஸ் என்ற எண்ணெய்க் கப்பலில் ஏறிவிட்டார்கள். சங்கிலி இருக்கிறது, நங்கூரத்தைக் காணோம். பிறகு கடலடியிலிருந்து நங்கூரத்தையும் எடுத்தார்கள். கப்பல்காரர்கள் விபத்து என்றார்கள். 2025 அக்டோபரில் ஹெல்சின்கி நீதிமன்றம், இது எங்கள் கடல் எல்லைக்கு வெளியே நடந்தது, எங்களுக்கு அதிகாரமில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டது. வேண்டுமென்றே செய்ததா என்பது அப்படியே நிற்கிறது. கேபிள் சரியாக 2025 ஜூன் ஆனது. ஆனால் பின்லாந்தில் அதனால் மின்வெட்டு வரவில்லை, வேறு வழியில் மின்சாரம் இருந்தது. நானாக இருந்தால் கட்டுரையில் தீர்ப்பைவிட இதைத்தான் பெரிதாக எழுதுவேன்.

வாசகன்_7:
கடைசியாக ஒன்று. அந்த டிஸ்க் இப்போது எங்கே இருக்கிறது?

பழைய_அட்மின்:
அதை ஏன் கேட்கிறீர்கள். நான் வேலையை விட்டு வந்த பிறகு போர்ட்டைச் சரிசெய்து மறுபடி நெட்வொர்க்கிலேயே மாட்டிவிட்டார்களாம்.