மாமாவின் கட்டுரைகளையும் ஆவணங்களையும் பிரிக்கலாமா?

ஹட்டன் ஆசிரியை:
தோட்டப் பாடசாலைகளில் கற்பித்த என் தாய்மாமா மலையக வரலாறு பற்றி எழுதிய கட்டுரைகளும், அவற்றுக்காகச் சேகரித்த செக்ரோல் தாள்கள் (தோட்டத் தொழிலாளரின் நாள்வரவும் சம்பளமும் பதிந்த ஏடுகள்), தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள், பிரஜாவுரிமை விண்ணப்பப் பிரதிகள் ஆகியனவும் இரண்டு தகரப்பெட்டிகளில் என்னிடம் வந்து சேர்ந்துள்ளன. சம்பளம் பற்றிய கட்டுரையோடு ஒரு செக்ரோல் தாள் குண்டூசியால் குத்தப்பட்டிருக்கிறது. அதில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே தொடர்ந்து ஆறு நாட்கள் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்திருக்க, ஓரத்தில் மாமா பென்சிலால் ‘மழையா, தண்டனையா?’ என்று எழுதியிருக்கிறார். கட்டுரைகளை மட்டும் நூலாக்கிவிட்டு ஆவணங்களை ஒரு நூலகத்திற்குக் கொடுத்துவிடலாமா?

கண்டி நூலகர்:
தயவுசெய்து பிரிக்காதீர்கள். அந்தப் பென்சில் கேள்வி கட்டுரைக்கும் தாளுக்கும் இடையில்தான் உயிரோடு இருக்கிறது. பிரித்துவிட்டால் எந்தக் கட்டுரை எந்தத் தாளிலிருந்து பிறந்தது என்பதைப் பிறகு எவராலும் சொல்ல முடியாது. மாமா அடுக்கிய ஒழுங்கிலேயே ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் மென்பென்சிலால் எண்ணிட்டுப் பட்டியல் எழுதுங்கள். துருவேறிய குண்டூசியைக் கழற்றி, இரண்டையும் ஒரே காகித உறையில் வையுங்கள். நம் மலை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தாலும் வெயிலில் காயப்போட வேண்டாம், நிழற்காற்று போதும். லமினேட் செய்வது கூடவே கூடாது. எண்ணிட்ட பின் ‘நூலகம்’ என்ற நிறுவனத்தின் மூலம் மின்வருடிக்கொள்ளலாம். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை அவர்கள் 2005 முதல் இணையத்தில் பேணி வருகிறார்கள்.

புசல்லாவைப் பெரியவர்:
மகள், பட்டியலில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு நம் சனங்கள் வழங்கும் பெயரையும் சேர்த்தெழுதுங்கள். பதிவேட்டில் ஒரு பெயர், வாய்வழக்கில் வேறொரு பெயர் என்பதால் தம் பாட்டனின் தோட்டத்தைத் தேடி வருகிறவர்கள் தடுமாறிப் போகிறார்கள்.

பிரஜாவுரிமைப் பிரதிகளை மிகுந்த கவனத்தோடு கையாளுங்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தம் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 300,000 பேரை இலங்கைக்கு என்றும் வகுத்து, 150,000 பேரின் கதியைப் பின்னைக்கு விட்டது. அந்த எண்களுக்குள் சகோதரர்கள் கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலுமாகப் பிரிந்து போன குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே விண்ணப்பதாரரின் பிள்ளைகளைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

ஹட்டன் ஆசிரியை:
இருவருக்கும் நன்றி, ஐயா. ஒரு விண்ணப்பதாரரின் மகன் பொகவந்தலாவையில் இருப்பதாக மாமாவே குறித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரதியோடு அவரைப் போய்ப் பார்க்கிறேன்.