ராமநாதபுரம் கடற்கரையில் படம் எடுக்கப் போனபோது நடந்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மணல்திட்டு
தனுஷ்கோடி தேவாலயத்தைப் படம் எடுக்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுவரில் பவளக்கல் துளை துளையாகத் தெரியும் இல்லையா, காலையில் சாய்ந்த வெயில் பட்டால் ஒவ்வொரு துளைக்கும் நிழல் விழும். அதற்காக ட்ரைபாடு போட்டுக் காத்திருந்தேன். சங்கு, பாசிமணி விற்கும் கடைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார்.

"தம்பி, அந்தப் பக்கம் ஒரு படம் பிடிச்சுத் தாங்க."

"அங்க வெறும் மணல்தானே ஐயா இருக்கு?"

"மணல்தான். எங்க வீடு அங்கதான் இருந்துச்சு."

தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலின்போது அவர் சின்னப் பையன். கேமராவின் திரையைப் பார்த்து அவரே இடம் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் இங்கிட்டு. அந்தச் செடி வேணாம். ஆங், இதுதான்." திருப்தி வரும்வரை என்னை நகரவிடவில்லை. வெயில் ஏறிவிட்டது, சுவரில் நான் நினைத்த நிழல் போய்விட்டது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது அந்தக் கடை அங்கே இல்லை. அவரிடம் போனும் கிடையாது. படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நீளமூக்கு
என்னுடையது பூநாரை (ஃப்ளமிங்கோ) கதை. முகுந்தராயர் சத்திரம் தாண்டி ரோட்டை ஒட்டித் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் தெரியும்தானே. பிப்ரவரி மாதம், நல்ல கூட்டம் இறங்கியிருந்தது. எல்லாம் தலையைக் கவிழ்த்து, காலால் சேற்றைக் கலக்கி மேய்ந்துகொண்டிருந்தன. நான் மணலில் படுத்து, பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸை வைத்திருந்தேன். காரில் வந்த ஒருவர் இறங்கினார், இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார். மொத்தக் கூட்டமும் தண்ணீர்மேல் ஓடி எழுந்தது. அவருடைய நண்பர் படபடவென்று எடுத்தார். இளஞ்சிவப்புச் சிறகு, கறுப்பு ஓரம், பின்னால் நீலக் கடல். அழகான படம்தான். நானும் அனிச்சையாக ஷட்டரை அழுத்தியிருந்தேன், அங்கேயே அழித்துவிட்டேன். பறவைகள் அன்று அந்தப் பக்கமே திரும்பவில்லை. கேட்டதற்கு அவர் சொன்னது: "பறக்கத்தானே சார் ரெக்கை இருக்கு." அந்த வாக்கியம் இன்னும் காதில் கேட்கிறது.

ஓலைக்குடா
நீளமூக்கு, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் படத்தை அழித்ததை ஏற்க முடியவில்லை. நாய் துரத்தினால் எழும், பருந்து தாழப் பறந்தால் எழும். அப்படித் தானாக எழும்போது எடுத்த படத்துக்கும் உங்கள் படத்துக்கும் பார்க்கிறவனுக்கு என்ன வித்தியாசம்? தப்பு கை தட்டியவருடையது.

நீளமூக்கு
பார்க்கிறவனுக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினையே. பாராட்டு குவியும், அதைப் பார்த்து அடுத்த ஆள் வந்து கை தட்டுவான். எத்தனையோ தூரம் பறந்து இங்கே வருவது மேய்வதற்காக. 2025-ல் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். இனிமேலாவது ரோட்டிலிருந்து இறங்காமல் எடுங்கள்.

வெள்ளாப்பு
பாம்பனில் சின்னப்பாலம் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். புடவைமேல் சட்டை, விரலில் சுற்றிய துணி, கண்ணாடி, காலில் கட்டிய தகடு, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்து உள்ளே போய்ப் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்துக்கொண்டு வருவார்கள். படகு கரைக்கு வரும் நேரம் நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன். முன்னால் அவர்கள், நடுவில் படகு, பின்னால் தீவின் பச்சைக் கோடு. எதிர்வெயில். மன்னார் வளைகுடாவில் இதைவிட நல்ல ஃப்ரேம் எனக்கு அமைந்ததில்லை.

மூத்த அக்கா ஒருவர் என் பக்கம் வந்தார். திட்டவில்லை. "எங்கள எடுத்துக்கங்க தம்பி. தீவு மட்டும் தெரியாம எடுங்க."

ஏன் என்று கேட்டேன். தீவுகள் கடல் தேசியப் பூங்காவில் வருகின்றன, கிட்டே போகக்கூடாது என்று தடை. "படம் வந்துச்சுன்னா, தீவுல என்னடி பண்றீங்கன்னு எங்களத்தான் கேப்பாங்க. எங்கம்மா காலத்துல இருந்து எடுக்குறோம். குருத்த நாங்க தொடுறதில்ல." அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டும் கடலுக்குப் போவது, நடுவில் பாசி வளர விட்டுவிடுவது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லிக்கொண்டே பையைக் கொட்டினார். விரல் நுனியெல்லாம் கீறல்.

திரும்பி நின்று கரைப்பக்கம் பார்த்து எடுத்தேன். பின்னணியில் பனையும் வலைக்கூடமும். சுமாரான படம். தீவு விழுந்த முதல் படங்கள் கார்டில் இருந்தன, அவற்றை எங்கேயும் போடவில்லை.

கச்சான்
தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் என் ட்ரைபாடு காற்றில் சாய்ந்தது, லென்ஸ் மூடியில் மணல். அவ்வளவுதான் என் கதை. ஆனால் புதிதாகப் போகிறவர்களுக்குச் சிலது சொல்லியே ஆக வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் (தென்மேற்குக்) காற்று அடிக்கும், மணல் தரையோடு தரையாக ஓடும், அங்கே நின்று லென்ஸ் மாற்றவே கூடாது. காரில் உட்கார்ந்து மாற்றுங்கள், முடிந்தால் ஒரே ஜூம் லென்ஸோடு போங்கள். உப்புச்சாரல் கண்ணாடியில் படியும். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பும் மணலும் சேர்ந்து பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதுங்கள், அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள், கடைசியில்தான் துடைப்பது. ட்ரைபாடின் கால்களை முழுக்க நீட்டாதீர்கள், நடுக்கம்பத்தை ஏற்றவே ஏற்றாதீர்கள், பையை அதில் தொங்கவிடுங்கள். பை தரையைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஊஞ்சலாடி படத்தை ஆட்டிவிடும். அறைக்கு வந்ததும் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஒரு பக்கம் பெண் கடல், மறுபக்கம் ஆண் கடல் என்று ஊரில் சொல்வார்கள். ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து எடுக்கும் நீளமான எக்ஸ்போஷருக்குப் பெண் கடலான பாக் நீரிணைப் பக்கம் அமைதியாக இருக்கும், அலை வேண்டுமென்றால் ஆண் கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் திரும்புங்கள். அங்கே குளிக்க இறங்க வேண்டாம், இழுப்பு மோசம். இருட்டுகிறவரை நிற்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், சாயங்காலமே போலீஸ் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும். ட்ரோன் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் கவனம், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வழக்குதான்.

மணல்திட்டு
நன்றி அண்ணே. நான் கேட்டது பெரியவரைப் பற்றி.

பாம்பன்காரன்
கடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி இருக்கிறார்கள். ஆள் அடையாளம் இன்பாக்ஸில் சொல்லுங்கள், விசாரிக்கிறேன். பிரிண்டுக்கு கண்ணாடிச் சட்டம் வேண்டாம், உப்புக்காற்றில் ஆணி நிற்காது, லேமினேட் செய்து கொடுங்கள்.

என் மனதில் கிடப்பது வேறு. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியை ஆட்கள் நெம்புகோலைத் தள்ளித்தான் திறப்பார்கள். சின்ன வயதில் படகிலிருந்து அண்ணாந்து பார்த்திருக்கிறேன், அவர்கள் முதுகு வேர்வையில் மின்னும். கையில் கேமரா வந்த பிறகு பாலத்தை எத்தனையோ முறை எடுத்தேன், அந்த ஆட்களை எடுக்கவில்லை. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் மின்சார மோட்டார் தூக்குகிறது. இப்போது இங்கே வருகிற எல்லோரும் அது ஏறி இறங்குவதைத்தான் எடுக்கிறார்கள்.

ஓலைக்குடா
வெள்ளாப்பு, அந்தத் தீவுப் படத்தை முகம் மறைத்துப் போடலாமே? அவர்கள் பாடு நாலு பேருக்குத் தெரியட்டும்.

வெள்ளாப்பு
முகத்தை மறைத்தாலும் படகில் நம்பர் இருக்கிறது. நம்பரை அழித்தாலும் எந்தத் தீவு, யார் அங்கே போகிறவர்கள் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதம் போகிறேன், அந்த அக்காவிடமே காட்டிக் கேட்கிறேன். அவர் சரி என்று சொன்னால் போடுகிறேன்.