ஒரே என்கோடரில் தலைகீழ் ஊசல்: கம்பி நிற்கிறது, வண்டி ஓடிவிடுகிறது

கேள்வி (கடைசிவருடம்_ஈஈஈ):
புராஜெக்ட்டுக்குத் தலைகீழ் ஊசல் வண்டி செய்கிறோம்: வண்டி முன்னும் பின்னும் நகர்ந்து, மேல்நோக்கி நிற்கும் கம்பியை விழாமல் தாங்க வேண்டும். வண்டி 0.5 கிலோ, கம்பி முனையில் குண்டு 0.2 கிலோ, கம்பி நீளம் 30 செ.மீ. வண்டியின் இடத்தை அளக்கும் என்கோடர் (நகர்வை எண்ணும் சென்சார்) பாதியில் போய்விட்டது. கோண என்கோடரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்று நிலைகளையும் (கோணத்தின் வேகம், வண்டியின் இடம், வண்டியின் வேகம்) லூயன்பெர்கர் அப்சர்வரில் (அளந்ததை வைத்து அளக்காததைக் கணிக்கும் மாடல்) கணித்துவிடலாம் என்று பார்த்தேன். மேட்லேபில் அப்சர்வரின் போல்களை (கணிப்புப் பிழை எவ்வளவு வேகமாக அடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்கள்) வைக்கப் போனால் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறது. அப்சர்வபிலிட்டி அணியின் தரம் 3; நான்கு நிலைகளையும் கணிக்க 4 வேண்டும். கோணத்தையும் அது மாறும் வேகத்தையும் மட்டும் பார்க்கும் வெறும் பிடி (PD) கன்ட்ரோலர் போட்டால் கம்பி நிற்கிறது, ஆனால் வண்டி மெல்ல நகர்ந்து ரெயில் முனையில் முட்டுகிறது. எங்கே தப்பு?

பழைய_லேப்:
மேட்லேப் சொல்வது சரிதான் தம்பி. வண்டியைப் பத்து செ.மீ. தள்ளி வைத்தாலும் கம்பி விழும் விதம் மாறுமா? மாறாது. அப்புறம் கோணத்தை மட்டும் பார்த்து வண்டி எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும்? மாடலில் உராய்வைச் சேர்த்திருப்பாய், அதனால்தான் 3. இல்லையென்றால் வண்டியின் வேகமும் மறைந்து 2 ஆகிவிடும்.

முட்டுவதற்குக் காரணம், என்கோடரின் பூஜ்யம் கொஞ்சம் தள்ளியிருப்பதாக இருக்கலாம். அரை டிகிரி போதும். உராய்வு இல்லை என்று வைத்தால் முடுக்கம் 0.086 மீ/வி², மூன்று நொடியில் 40 செ.மீ. போய்விடும்.

கடைசிவருடம்_ஈஈஈ:
அப்படியானால் வண்டிக்குப் புது என்கோடர் போட்டு, கோண என்கோடரைக் கழற்றிவிடலாமா அண்ணா? தரம் 4 வருகிறதே!

பழைய_லேப்:
4 வந்ததும் குதிக்காதே. விசையிலிருந்து வண்டியின் இடம் வரை உள்ள டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனை (உள்ளீடு எப்படி வெளியீடாகிறது என்று சொல்லும் பின்னம்) எழுதிப் பார். உராய்வை விட்டால் வலப்பாதியில் (நிலையற்ற பக்கத்தில்) போல், அதாவது பகுதி பூஜ்யமாகும் இடம், 6.77; ஜீரோ, அதாவது தொகுதி பூஜ்யமாகும் இடம், 5.72. இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சென்சிட்டிவிட்டியின் (இடையூறு எத்தனை மடங்கு பெருகும் என்ற அளவின்) உச்சம் (6.77+5.72)/(6.77−5.72), அதாவது ஏறக்குறைய 12. எந்த லீனியர் கன்ட்ரோலர் போட்டாலும் அதற்குக் கீழே இறங்காது. நாங்கள் 2 தாண்டினாலே முகம் சுளிப்போம். சிமுலேஷனில் அழகாக நிற்கும், மேசையில் விழும்.

இரண்டு என்கோடரும் வேண்டும். மிச்சம் பிடிப்பதென்றால் வேகங்களில் பிடி, அவற்றை அப்சர்வர் பார்த்துக்கொள்ளும்.

பெல்ட்டும்_புல்லியும்:
டிசி மோட்டாரை மாற்ற முடிந்தால் ஸ்டெப்பர் போடுங்கள். அனுப்பிய பல்ஸை எண்ணினாலே வண்டியின் இடம் தெரிந்துவிடும். ஸ்டெப் தவறாதபடி டார்க் மிச்சம் இருக்கட்டும்.

கடைசிவருடம்_ஈஈஈ:
கூச்சமாக இருக்கிறது: பழைய என்கோடர் கெடவில்லை, கனெக்டரில் ஒரு ஒயர்தான் கழன்றிருந்தது. இரண்டையும் மாட்டி, வேகத்துக்கு அப்சர்வர் போட்டேன். நிற்கிறது. ஆனால் வண்டி இரண்டு செ.மீ. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது.

பெல்ட்டும்_புல்லியும்:
நிலை உராய்வாக (நிற்பதை அசையவிடாத உராய்வாக) இருக்கும். மோட்டார் அசையத் தொடங்கும் பிடபிள்யூஎம் அளவை (மோட்டாருக்குத் துடிப்புகளாகத் தரும் மின்சாரத்தின் அளவை) அளந்து, கட்டளையின் திசையில் அதைக் கூட்டிக் கொடுங்கள். முழுதாகக் கூட்டினால் நடுங்கும், முக்கால் பங்கில் ஆரம்பியுங்கள்.