புதுப்பிப்பு: உயிர் இயற்பியல் தாளுக்கு அஞ்சிப் படிப்பை மாற்றவில்லை

சேலத்தில் அரசுக் கல்லூரியொன்றில் உயிர்வேதியியல் இளநிலையில் சேர்ந்த புதிதில், உயிர் இயற்பியல் தாளைக் கண்டு அஞ்சி, வேறு பாடத்துக்கு மாறலாமா என்று இங்கு கேட்டிருந்தேன். மாறவில்லை, இப்போது மூன்றாம் ஆண்டு.

என் எண்ணத்தைத் திருப்பியது ஓர் ஆய்வக வகுப்பு. ஜவ்வரிசிக்குப் பெயர்பெற்ற எங்கள் மாவட்டத்து மரவள்ளி மாவைக் காய்ச்சிக் கரைத்து, உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் நொதியைச் சேர்த்து, சில நிமிடங்களுக்கொருமுறை அயோடினுடன் கலந்து பார்த்தபோது, ஸ்டார்ச் இருப்பதைக் காட்டும் கருநீலம் மெல்ல வெளிறிக்கொண்டே வந்தது. ஸ்டார்ச் சிதைவது வேதியியல் என்றால், அந்த நிறம் உறிஞ்சும் ஒளியைக் கலரிமீட்டரில் அளந்து, வினையின் வேகத்தை எண்ணாக்குவது இயற்பியல் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

அதன்பிறகே, 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து இயற்பியலாளர் ஜி. என். இராமச்சந்திரன் குழுவினர் வெளியிட்ட வரைபடத்தை ஆவலோடு படித்தேன். புரதச் சங்கிலியின் இரு திருப்பக் கோணங்களில், அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் அமையக்கூடியவை எவை என்று அது காட்டுகிறது. கண்டறியப்படும் புரத வடிவங்களைச் சரிபார்க்க இன்றும் அது பயன்படுகிறது. புரதத்தின் அலகுகளான அமினோ அமிலங்களுள் ஒன்றான கிளைசினின் பக்கத்தொகுதி வெறும் ஹைட்ரஜன் அணு என்பதால், அதற்கு மட்டும் அப்படத்தில் இடம் தாராளம். எவ்வளவு அழகான காரணம்!

கணிதம் படிக்காமல் சேரலாமா என்று கேட்டிருந்த நண்பருக்கு: சேரலாம், ஆனால் மடக்கையையும் நேர்கோட்டின் சரிவையும் முதல் பருவத்திலேயே வரைபடத்தாளில் கையால் போட்டுப் பழகிவிடுங்கள்.