சர்வரில் உள்ள வேர்ட் கோப்புகள் திறக்கவில்லை, உதவி தேவை

வணக்கம். எங்கள் வக்கீல் அலுவலகத்தில் மனுக்கள், பிரமாணப் பத்திரங்கள் எல்லாம் சர்வரில் ஒரு ஷேர் ஃபோல்டரில் இருக்கின்றன. அண்மையில் சர்வரை மாற்றினார்கள். அதிலிருந்து, அங்குள்ள வேர்ட் கோப்பைச் சொடுக்கினால் திறக்க முடியவில்லை என்று பிழைச் செய்தி வருகிறது. அதே கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்தால் உடனே திறக்கிறது, ஆகவே கோப்பு கெடவில்லை. பிடிஎஃப் கோப்புகள் சர்வரிலிருந்தே திறக்கின்றன.

புதிய சர்வரை, பெயருக்குப் பதில் ஐபி முகவரி (புள்ளிகளால் பிரித்த எண்கள்) கொடுத்து டிரைவாக இணைத்திருக்கிறார்கள். எனக்கு அதில்தான் சந்தேகம். முகவரியில் புள்ளிகள் இருந்தால் விண்டோஸ் அதை உள் நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளாமல் இணையமாகக் கருதிவிடும். வேர்டும் கோப்பை புரொடெக்டட் வியூவில் (இணையத்திலிருந்து வந்த கோப்புகளைப் படிக்க மட்டும் திறக்கும் பாதுகாப்பு முறை) திறக்கப் பார்க்கும். வேர்டின் பாதுகாப்பு அமைப்புகள் உள்ள டிரஸ்ட் சென்டரில் போய் ஒரு கணினியில் மட்டும் அதை அணைத்தேன், கோப்பு திறந்தது! ஆனால் கட்சிக்காரர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் கோப்புகளையும் இதே கணினிகளில்தான் பார்க்கிறோம். எல்லாவற்றிலும் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடுவது சரியாகப் படவில்லை.

இன்டர்நெட் ஆப்ஷன்ஸில், லோக்கல் இன்ட்ராநெட் பட்டியலில் சர்வர் முகவரியைச் சேர்த்தால் போதுமா? அல்லது சர்வர் பெயரை வைத்தே டிரைவை மறுபடி இணைப்பது நல்லதா? கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் கிடையாது, ஒவ்வொன்றையும் தனித்தனியே அமைக்கும் வொர்க்குரூப்தான். விண்டோஸ் 10, ஆஃபீஸ் 2019. அப்புறம், பெயருக்கு மாற்றினால் எக்செல் கோப்புகளுக்குள் இருக்கும் பழைய இணைப்புகள் அறுந்துபோகுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.